கடலூர்க் கரையோர ஊராட்சிகளுக்கு: அக்டோபர் 2-க்குள் வீட்டுக்கொரு அவசரப் பை

கடலூர் மாவட்டத்தின் கடலோர, ஆற்றோர ஊராட்சி நிர்வாகத்தினருக்கும், மகளிர் சுய உதவிக் குழுக்களின் ஊராட்சி அளவிலான கூட்டமைப்புகளுக்கும் வணக்கம்.

மழைக்காலத்துக்கு முன் அவசரப் பை பற்றிய துண்டறிக்கைகள் வருகின்றன. டார்ச், வானொலி, பவர் பேங்க், முதலுதவிப் பெட்டி, மூன்று நாள் உலர் உணவு என்று பட்டியல் நீளும். பட்டியலில் தவறு இல்லை. ஆனால் எல்லாவற்றையும் கடையில் வாங்கினால் சில ஆயிரம் ரூபாய் ஆகிவிடும். கூலிக்குப் போகும் வீட்டில் அதைப் படித்தவர்கள் மடித்து அலமாரியில் வைத்துவிடுகிறார்கள். ஒரு பொருளும் எடுத்து வைக்காமலே கார்த்திகை பிறந்துவிடுகிறது.

நான்கு பேர் உள்ள ஒரு வீட்டுக்கு உருப்படியான பை ஒன்றை 500 ரூபாய்க்குள் முடிக்கலாம். பைக்குள் போக வேண்டியவற்றில் பெரும்பகுதி ஏற்கெனவே வீட்டில் இருக்கிறது. வீட்டால் முடியாத சில வேலைகளை ஊராட்சியும் கூட்டமைப்பும் முன்னின்று செய்தால் போதும். ஆகஸ்ட் 15 கிராம சபையில் தொடங்கி அக்டோபர் 2 கிராம சபையில் முடித்துவிடுங்கள் என்று கேட்கவே இந்த மடல். வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் மூன்றாம் வாரத்தில் தொடங்குகிறது. தீபாவளிச் செலவும் அதையொட்டியே வரும். அதற்கு முன் கிடைக்கும் ஏழு வாரம்தான் ஏழை வீட்டுக்கு ஏற்ற காலம்.

கடலூரில் எல்லா ஆபத்தும் ஒரே மாதிரி அவகாசம் கொடுப்பதில்லை. 2011 டிசம்பர் 30 அதிகாலையில் கரையேறிய தானே புயலுக்கு முன்னால் துறைமுகத்தில் கூண்டு ஏற்றி எச்சரிக்க நேரம் இருந்தது. 2015 நவம்பரில் பண்ருட்டி பக்கம் விசூரிலும் பெரியகாட்டுப்பாளையத்திலும் ஓடை பெருகி வீடுகளை அடித்துப்போனபோது அந்த நேரம் கிடைக்கவில்லை. 2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயல் மழையை அடுத்து, சாத்தனூர் அணையிலிருந்து தென்பெண்ணையில் விநாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் தண்ணீர் திறக்கப்பட்டது. தென்பெண்ணைக் கரை ஊர்களுக்குக் கிடைத்தது சில மணி நேரம். கூண்டு ஏற்றிய பிறகு தேடி எடுத்துக் கட்டலாம் என்பது புயலுக்கு மட்டும் பொருந்தும். ஆற்று வெள்ளத்துக்குப் பொருந்தாது. ஆகவே அக்டோபர் முதல் டிசம்பர் முடியும் வரை பை கட்டியபடியே இருக்க வேண்டும்.

சுனாமியை மட்டும் தனியாகச் சொல்லிவிடுங்கள். கடல் உள்வாங்கினாலோ, நிலம் பலமாக அதிர்ந்தாலோ, எச்சரிக்கை ஒலித்தாலோ பைக்காக வீட்டுக்குள் திரும்பக் கூடாது. கையில் இருந்தால் எடுக்கலாம். இல்லையென்றால் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஓட வேண்டும்.

முதலில் பை. பள்ளிகளில் அரசு கொடுக்கும் விலையில்லா புத்தகப் பை பழசானதும் பல வீடுகளில் மூலையில் கிடக்கிறது. அதைவிடப் பொருத்தமான பை வேறு வேண்டாம். முதுகில் மாட்டினால் இரண்டு கையும் சும்மா இருக்கும். ஒரு கையில் குழந்தை, மறு கையில் தடி அல்லது கயிறு. இடுப்பளவு தண்ணீரில் கட்டைப்பையைத் தூக்கிக்கொண்டு நடக்க முடியாது. நனைந்ததும் கைப்பிடித் தையல் விட்டுவிடும். ஜிப் போன பையைத் தையல்காரரிடம் 40 ரூபாய்க்குச் சரிசெய்யலாம். தோள்பட்டை வார் பையோடு சேரும் இடத்தில் இன்னொரு தையல் போடச் சொல்லுங்கள், பாரம் ஏறினால் முதலில் அறுவது அந்த இடம்தான். புத்தகப் பைத் துணி தண்ணீரைத் தடுக்காது. எனவே உள்ளே ஒரு பெரிய தடித்த பிளாஸ்டிக் பையை விரித்து, அதற்குள் எல்லாவற்றையும் வைத்து, வாயை முறுக்கி மடித்து ரப்பர் பேண்டால் கட்ட வேண்டும். உரச் சாக்கின் உள்பையைச் சிலர் பயன்படுத்துகிறார்கள். உர வாடையும் உப்பும் கழுவினாலும் போவதில்லை, சாப்பாட்டுப் பொருள் அதற்குள் போகக் கூடாது. மொத்த எடை 7 கிலோவைத் தாண்ட வேண்டாம். ஆள் ஏறாத பரணிலோ, பூட்டிய பீரோவிலோ பையை வைக்காதீர்கள். வாசலுக்கு அருகே, தரையிலிருந்து ஓராள் உயரத்தில், சுவரில் அடித்த ஆணியில் தொங்க வேண்டும்.

இனி காகிதங்கள். இந்த ஒன்றை மட்டும் ஒழுங்காகச் செய்தாலே பாதி வேலை முடிந்தது என்போம். சோறும் துணியும் முகாமில் எப்படியாவது கிடைத்துவிடும். கிரயப் பத்திரம் கிடைக்காது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு 6,000 ரூபாய் நிவாரணம் ரேஷன் கடை வழியாகத்தான் வந்தது. வீட்டுச் சேதத்துக்கும் பயிர்ச் சேதத்துக்கும் வரும் பணம் வங்கிக் கணக்கில் ஏறுகிறது. ஆகவே முதலில் வர வேண்டியவை குடும்ப அட்டையும், கணக்கு எண்ணும் ஐஎஃப்எஸ்சி குறியீடும் உள்ள பாஸ்புக் முதல் பக்கமும். அடுத்து ஆதார், மருத்துவக் காப்பீட்டு அட்டை, மதிப்பெண் சான்றிதழ்கள், சாதிச் சான்றிதழ், கிரயப் பத்திரம், நகை அடகு ரசீது. மீனவர் வீட்டில் படகுப் பதிவும் மீனவர் அடையாள அட்டையும், விவசாயி வீட்டில் பயிர்க் காப்பீட்டு ரசீதும், மாற்றுத்திறனாளி இருந்தால் அவருடைய அடையாள அட்டையும் சேரும். கர்ப்பிணி இருந்தால், கர்ப்பத்தைப் பதிவு செய்ததும் தரப்படும் பிக்மி எண் உள்ள அட்டை கட்டாயம். அந்த எண் இல்லாமல் பிறப்புச் சான்றிதழ் வாங்க அலைய வேண்டியிருக்கும். பட்டாவை இணையத்தில் மறுபடி எடுக்கலாம் என்பதால் அதற்கு நகல் போதும்.

குடும்ப அட்டையும் ஆதாரும் மாதாமாதம் வெளியே எடுக்கும் பொருள்கள். அவற்றின் நகல் எப்போதும் பையில் இருக்கட்டும். மூலத்தை வேலை முடிந்த அன்றே பைக்குள் திருப்பி வைக்கும் பழக்கம் வேண்டும். பத்திரம், மதிப்பெண் பட்டியல் போன்றவற்றை மூன்று மாதமும் பையிலேயே விட்டுவிடலாம்.

நகலை லேசர் ஜெராக்ஸில் எடுக்கச் சொல்லுங்கள். இங்க்ஜெட் பிரிண்டரில் எடுத்தது நனைந்தால் மை கரைந்து ஓடிவிடும். போன் எண்களை எழுதும் தாளில் ஜெல் பேனா வேண்டாம். பால்பாயிண்ட் பேனாவோ பென்சிலோ தண்ணீருக்குத் தாங்கும். மூலப் பத்திரத்தை லேமினேட் செய்யக் கூடாது. ஓரத்தில் சிறு விரிசல் வழியாக ஈரம் நுழைந்தால் காகிதம் உறையோடு ஒட்டிக்கொள்ளும், பிறகு பிரித்தால் கிழியும். ஜிப் கவர் இரண்டு போதும். ஒன்றில் காகிதங்களை வைத்து, காற்றை அழுத்தி வெளியேற்றி மூடி, அதன் வாய் கீழே இருக்கும்படி இரண்டாவது கவருக்குள் நுழைக்க வேண்டும். கவரின் ஜிப் பள்ளத்தில் ஒரு மணல் துகள் இருந்தாலும் தண்ணீர் உள்ளே வரும். மூடுமுன் ஈரமில்லாத துணியால் துடைத்து, விரலால் இருமுறை அழுத்திப் பாருங்கள்.

போனில் படமெடுத்து வெளியூரில் உள்ள உறவினர் ஒருவருக்கு அனுப்பி வைப்பது செலவில்லாத காப்பு. சான்றிதழ்களை இணையத்தில் வைக்கும் அரசின் டிஜிலாக்கரும் நல்லதே. ஆனால் இரண்டுக்கும் சார்ஜும் டவரும் வேண்டும். தானேவுக்குப் பிறகு மின்கம்பங்கள் சாய்ந்து வாரக்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்த ஊர்கள் இந்த மாவட்டத்தில்தான் இருக்கின்றன. காகித நகலுக்கு மாற்று இல்லை.

மருந்து அடுத்தது. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இல்லாத தெரு இன்று இல்லை. மாத்திரையைத் தினமும் எடுக்கும் டப்பாவிலேயே வைத்துக்கொண்டு, கிளம்பும்போது எடுத்துப்போகலாம் என்று நினைப்பார்கள். அந்த அவசரத்தில் மறப்பது அதைத்தான். இரண்டு வாரத்துக்கான மாத்திரை தனியாகப் பையில் இருக்க வேண்டும். மாதாமாதம் புதிய மாத்திரை வந்ததும் பையில் உள்ள பழையதை வெளியே எடுத்துச் சாப்பிட்டு, புதியதைப் பைக்குள் வைத்தால் காலாவதி ஆகாது. அட்டையை வெட்டிப் பிரிக்க வேண்டாம். பெயரும் தேதியும் இருக்கும் துண்டு போய்விட்டால் முகாம் மருத்துவர் எதை நம்பி மாற்று மருந்து கொடுப்பார்? மருந்துச் சீட்டின் நகலும் கூடவே போகட்டும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை கொண்டுவரும் தன்னார்வலர்களின் வழியாக, அக்டோபரில் மட்டும் இரண்டு வாரம் கூடுதலாகக் கொடுக்க முடியுமா என்று ஊராட்சி எழுத்து மூலம் வட்டார மருத்துவ அலுவலரிடம் கேட்க வேண்டும். தனி ஒரு நோயாளி கேட்டால் நடக்காது. ஊராட்சியின் தாளில் பெயர்ப் பட்டியலோடு போனால் நடக்க வாய்ப்புண்டு.

இன்சுலின் போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பயன்பாட்டில் இருக்கும் குப்பி 30 டிகிரிக்குக் கீழே சுமார் நான்கு வாரம் தாங்கும். கரண்ட் போனால் பதற வேண்டாம். சிறு மண்கலயத்தின் அடியில் ஈர மணல் போட்டு, குப்பியைப் பிளாஸ்டிக் டப்பாவில் மூடி அதன்மேல் வைத்து, வாயை ஈரத்துணியால் மூடி நிழலில் வைக்கலாம். ஐஸ் கட்டியோடு நேராக ஒட்டி வைக்கக் கூடாது. உறைந்த இன்சுலின் வீண். காசநோய் மாத்திரை சாப்பிடுகிறவர்கள், டயாலிசிஸ் செய்கிறவர்கள், பிரசவ நாள் நெருங்கியவர்கள் ஆகியோரைப் பையோடு விட்டுவிடக் கூடாது. புயல் எச்சரிக்கை வந்த அன்றே மருத்துவமனைக்கு அருகே மாற்றிவிட வேண்டும். அந்தப் பெயர்ப் பட்டியல் ஊராட்சியிடம் செப்டம்பரிலேயே இருக்கட்டும்.

வயிற்றுப்போக்குக்குக் கரைத்துக் கொடுக்கும் ஓ.ஆர்.எஸ். (உப்புச் சர்க்கரை) பொட்டலத்தைக் காசு கொடுத்து வாங்க வேண்டாம், துணை சுகாதார நிலையத்தில் கேட்டால் கிடைக்கும். ஒரு லிட்டருக்கான பொட்டலத்தை ஒரு டம்ளரில் கரைத்துக் கொடுக்கும் தவறு அடிக்கடி நடக்கிறது. உப்பு மிகுந்து குழந்தைக்கு ஆபத்தாகிவிடும். அதனால் பையில் ஒரு லிட்டர் பாட்டிலும் இருக்க வேண்டும். பொட்டலம் இல்லையென்றால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலைதட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரையும் அரை டீஸ்பூன் உப்பும். கரைத்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. இவை தவிர பாரசிட்டமால் ஓர் அட்டை, போவிடோன் அயோடின் களிம்பு ஒன்று, வெந்நீரில் அலசி வெயிலில் காயவைத்த பழைய பருத்தித் துணிக் கீற்றுகள். வெள்ளநீரில் காலில் பட்ட கீறல் வழியாக எலிக்காய்ச்சல் வரும். எனவே பின்பட்டை உள்ள செருப்பு வேண்டும். ரப்பர்ச் செருப்பைச் சேறு முதல் அடியிலேயே பிடுங்கிக்கொள்ளும்.

வெளிச்சத்துக்கு இரண்டு பென்சில் செல் போடும் எல்.இ.டி. டார்ச் 100 ரூபாய்க்குள் கிடைக்கிறது. மலிவான சார்ஜ் டார்ச்சைப் பைக்கு வாங்காதீர்கள். உள்ளே இருக்கும் லெட் ஆசிட் பேட்டரி மாதக்கணக்கில் சார்ஜ் ஏறாமல் கிடந்தால் செத்துவிடும். செல்லை டார்ச்சுக்குள் போட்டே வைத்தாலும் கசிந்து கம்பியை அரிக்கும். செல்லைத் தனியே தாளில் சுற்றி, டார்ச்சோடு சேர்த்து ரப்பர் பேண்ட் போட்டு வைக்க வேண்டும். கூடுதலாக இரண்டு செல். முகாமில் மெழுகுவத்தி வேண்டாம். பாயும் சேலையும் நெருக்கமாகக் கிடக்கும் இடம் அது.

பவர் பேங்க் வாங்க வழியில்லாத வீட்டில் பழைய பட்டன் போன் இருந்தால் அதுவே பெரிய உதவி. ஒரு சார்ஜில் சில நாள் நிற்கும், பலவற்றில் எஃப்.எம். வானொலியும் இருக்கிறது. இயர்போன் வயர்தான் அதற்கு ஆன்டெனா. வயர் இல்லாவிட்டால் வானொலி எடுக்காது. பழைய போனில் சிம் போடும்போது இரண்டு சிக்கல் வரும். ஸ்மார்ட்போனின் சிறிய சிம் பழைய போனின் பெரிய குழியில் உட்காராது, 20 ரூபாய் அடாப்டர் வேண்டும். ஜியோ சிம் 2ஜி பட்டன் போனில் வேலையே செய்யாது. செப்டம்பரிலேயே போட்டுப் பேசிப் பாருங்கள். 1077 மாவட்டக் கட்டுப்பாட்டு அறை, 1070 மாநிலக் கட்டுப்பாட்டு அறை, 108 ஆம்புலன்ஸ். இந்த மூன்றோடு வெளியூர் உறவினர் இருவரின் எண்ணையும் தாளில் எழுதி, பிள்ளைகளின் சட்டைப் பையிலும் ஒன்று வையுங்கள்.

சாப்பாடு விஷயத்தில் துண்டறிக்கைகளோடு எங்களுக்குக் கருத்து வேறுபாடு உண்டு. மூன்று நாள் உணவையும் தண்ணீரையும் நான்கு பேருக்குச் சுமக்க முடியாது. தண்ணீர் மட்டுமே 30 கிலோவைத் தாண்டும். நம் முகாம்களில் சமைத்த சாப்பாடு வந்துவிடும். பை தாங்க வேண்டியது அது வரும்வரையிலான முதல் நாளை. ஒரு கிலோ அவல், கால் கிலோ பொட்டுக்கடலை, கால் கிலோ வெல்லம், ஒரு பாக்கெட் கடலைமிட்டாய். 150 ரூபாய்க்குள் முடியும். அவலுக்கு அடுப்பு வேண்டாம். மெல்லிய அவல் சில நிமிடத்திலும், கெட்டி அவல் கால் மணி நேரத்திலும் பச்சைத் தண்ணீரில் ஊறிவிடும். பொரி வேண்டாம், இடத்தை அடைக்கும், பசி தாங்காது. எல்லாம் திருகுமூடி டப்பாவில் இருக்கட்டும். பாக்கெட்டாக வைத்தால் எலி பையையும் சேர்த்துக் கடித்துவிடும், அதோடு பத்திரமும் போகும். எலிக்கும் பூச்சிக்கும் பயந்து அந்துருண்டை போடாதீர்கள்; அதன் நஞ்சு சாப்பாட்டில் ஏறும். தண்ணீர் பையில் 2 லிட்டர், மற்றபடி ஆளுக்கொரு பாட்டில் கையில். வெளியேறுமுன் வீட்டில் உள்ள குடங்களை நிரப்பி மூடி உயரத்தில் வைத்துவிட்டுப் போனால் திரும்பி வந்த அன்று உதவும்.

கைக்குழந்தைக்குப் பால் பாட்டில் வேண்டாம். முகாமில் அதைக் கொதிக்க வைத்துக் கழுவ வசதி இருக்காது, வயிற்றுப்போக்கு அங்கிருந்துதான் தொடங்கும். பால் புகட்டும் பாலாடையும் சிறு கிண்ணமும் போதும், கழுவிச் சுத்தம் செய்வது எளிது. அங்கன்வாடி சத்துமாவு ஒரு பாக்கெட் சேர்க்கலாம்.

துணியில் ஆளுக்கு ஒரு மாற்று உடை போதும். பருத்தி ஈரமானால் முகாமில் காயாது. பாலியஸ்டர் சேலை ஒன்று இருந்தால் உடுத்தவும், மறைப்புக் கட்டவும், தூளி கட்டவும், வேண்டுமானால் கயிறாகவும் ஆகும். ஊக்கு ஐந்தாறு, சோப்பு ஒன்று, மாதவிடாய் நாப்கின் ஒரு பாக்கெட். பள்ளியில் கொடுக்கும் நாப்கினில் ஒன்றை ஒதுக்கி வைக்கப் பெண்பிள்ளைகளிடம் சொல்லுங்கள். முதியவர்களின் பழைய மூக்குக் கண்ணாடியைத் தூக்கி எறியாமல் பையில் போடுங்கள்.

சில்லறை நோட்டுகளாக 500 ரூபாய் தனியே. இது பைச் செலவில் சேராது, சேமிப்பே. டவர் போனால் ஜிபே இல்லை, 500 ரூபாய் தாளுக்கு யாரிடமும் மீதி இருக்காது. பத்தும் இருபதும் ஐம்பதுமாக வேண்டும்.

வாரம் 70 ரூபாய், ஏழு வாரம், 490 ரூபாய். வரிசை முக்கியம். முதல் இரண்டு வாரத்தில் ஜெராக்ஸும் ஜிப் கவரும் பைத் தையலும். பணம் அதற்குமேல் சேராமல் நின்றுவிட்டாலும் காகிதங்களாவது காப்பாற்றப்பட்டிருக்கும். அடுத்த மூன்று வாரத்தில் டார்ச், செல், களிம்பு, சோப்பு. உணவு கடைசி இரண்டு வாரத்தில். முன்னரே வாங்கினால் மழைக்கு முன்பே வண்டு வைத்துவிடும், அல்லது பிள்ளைகள் தின்று தீர்த்துவிடுவார்கள்.

கூட்டமைப்புகளிடம் நாங்கள் கேட்பது: குழுக் கூட்டத்தில் சேமிப்போடு சேர்த்து இந்த 70 ரூபாயைத் தனிக் கணக்காக வசூலியுங்கள். ஜிப் கவர், செல், டார்ச், களிம்பு ஆகியவற்றை மொத்தமாக வாங்கினால் சில்லறை விலையில் கணிசமாகக் குறையும். அவலை உள்ளூர் மில்லில் கேட்டுப் பாருங்கள். ஆணில்லாத வீடு, தனித்து வாழும் முதியவர், குழுவில் சேராத இருளர் குடும்பங்கள் ஆகியோரின் பையை ஊரே கட்டித் தர வேண்டும். அவர்கள் கேட்க மாட்டார்கள். நீங்கள்தான் போய்ப் பார்க்க வேண்டும்.

ஊராட்சி நிர்வாகத்திடம் கேட்பது: செப்டம்பரில் ஒரு நாள் ஊராட்சி அலுவலகத்தில் ஜெராக்ஸ் இயந்திரம் வைத்து வீட்டுக்கு 20 பக்கம் இலவசமாக எடுத்துக் கொடுங்கள். அதே இடத்தில் இ-சேவை ஊழியர் ஒருவர் உட்கார்ந்து டிஜிலாக்கரில் பதிவு செய்து தரட்டும். மருந்துப் பட்டியலை வட்டார மருத்துவ அலுவலருக்கு அனுப்புங்கள். ஆடு மாட்டை எங்கே கட்டுவது, முகாமுக்குப் பக்கத்தில் எந்த மேட்டில் இடம் ஒதுக்குவது என்பதை முன்கூட்டியே அறிவியுங்கள். பை தயாராக இருந்தும் வீட்டை விட்டு வராதவர்களில் பலர் மாட்டுக்காகவே நிற்கிறார்கள்.

அக்டோபர் 2 கிராம சபைக்கு ஒவ்வொரு வீட்டையும் பையோடு வரச் சொல்லுங்கள். ஒரு பையைத் தண்ணீர்த் தொட்டியில் ஐந்து நிமிடம் அமுக்கி எடுத்து, எல்லோர் முன்னாலும் திறந்து பாருங்கள். எந்தக் கவர் கசிகிறது என்று அங்கேயே தெரிந்துவிடும். (அந்தச் சோதனைக்கு வெறும் தாள் போதும், பத்திரம் வேண்டாம்.) நவம்பர் 1 கிராம சபைக் கூட்டத்தில் மாத்திரைத் தேதியையும் தண்ணீரையும் இன்னொரு முறை சரிபாருங்கள். பொங்கலுக்குள் அவலையும் வெல்லத்தையும் எடுத்துச் சமைத்துத் தீர்த்துவிடலாம். செல்லைச் சுவர்க் கடிகாரத்துக்கு மாற்றிவிடலாம். காகித நகலும் கவரும் பையும் அடுத்த ஆகஸ்ட் வரை அதே ஆணியில் தொங்கட்டும். இரண்டாம் ஆண்டில் செலவு பாதிக்கும் கீழே வந்துவிடும்.

இப்படிக்கு,
கடலூர்க் கரையோரத்தில் பேரிடர் ஆயத்தப் பயிற்சி தரும் தன்னார்வலர்கள்